அவகாடோ: வெண்ணெய்ப்பழமா, ஆனைக்கொய்யாவா?

ஆங்கிலச் சமையலறைச் சொற்களை ஸ்பானியத்தோடு சேர்த்துப் படிப்பவர்களுக்கு டொமேட்டோ, சாக்லேட் போன்றவை தொல்லை தருவதில்லை. தொமாத்தே, சோக்கோலாத்தே என்று வாலை மாற்றினால் போதும். இடறுவது அவகாடோவில்தான். அதே பழக்கத்தில் ‘அபோகாதோ’ என்று கேட்டால், ஸ்பானியம் பேசுபவர் வழக்கறிஞரைத் தேடுவார். பழத்துக்கு அவர்கள் மொழியில் ‘அகுவக்காத்தே’ என்று பெயர்.

மூலம், மெக்சிகோவில் இன்றும் பேசப்படும் நாவாட்டில் மொழி. அதில் இந்தப் பழம் ‘ஆவக்கத்ல்’. கடைசியில் வரும் ‘த்ல்’ ஸ்பானிய நாவுக்குப் பழகாத ஒலி. ‘தொமத்ல்’ தொமாத்தே ஆனதுபோல இதுவும் அகுவக்காத்தே ஆயிற்று. ‘மொல்லி’ என்றால் குழம்பு, சாந்து போன்ற தொடுகறி. ‘ஆவக்கமொல்லி’தான் இன்றைய குவக்கமோலே.

வழக்கறிஞர் இடையில் புகுந்ததற்குக் காரணம் காதுதான். வாயில் நுழையாத அயற்சொல்லைக் கேட்ட ஸ்பானியர் சிலர், அதற்கு நெருக்கமாக ஒலித்த, தங்களுக்குத் தெரிந்த சொல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். அபோகாதோவின் பழைய வடிவமே ஆங்கிலத்தில் அவகாடோவாக நிலைத்தது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டேம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் ‘அவகாட்டோ பேரி மரம்’ வருகிறது. பிரெஞ்சிலோ இன்றும் பழத்துக்கும் வழக்கறிஞருக்கும் ஒரே சொல்.

காதின் வேலை அத்தோடு முடியவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ‘அலிகேட்டர் பேரி’ என்றொரு பெயரும் உண்டு. பழத்தின் கரடுமுரடான தோலைக் கண்டு முதலை நினைவுக்கு வந்திருக்கலாம். ஒலி மயக்கமும் கைகொடுத்தது. இந்த அலிகேட்டரும் ஸ்பானியச் சரக்கே: ‘எல் லகார்த்தோ’, அதாவது ‘பல்லியினம்’.

இலங்கைத் தமிழில் வழங்கும் ‘ஆனைக்கொய்யா’வுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சிங்களத்தில் இப்பழம் ‘அலிபேர’. அலி என்றால் யானை, பேர என்றால் கொய்யா. அலிகேட்டரின் முன்பாதி யானையாகி, பேரி கொய்யாவாகி, அதைத் தமிழ் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டது போலத் தெரிகிறது. முதலை யானையான கதை!

சொல் சுவையானது, பொருளோ பொருந்தாது. இது கொய்யாக் குடும்பமே அல்ல, இலவங்கப்பட்டை மரத்தின் உறவு. ‘வெண்ணெய்ப்பழம்’ என்பதே என் தேர்வு. பழுத்த சதையைக் கத்தியால் ரொட்டியில் தடவிப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. சதையில் சுமார் 15 விழுக்காடு கொழுப்பு. எழுதும்போது ‘ப்’ விடுபடக் கூடாது.

ஸ்பானியம் படிப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி: பெரு, சிலி, அர்ஜென்டினாவில் அகுவக்காத்தே என்பதைவிட ‘பல்தா’ என்பதே புழக்கம். அது தென்னமெரிக்க ஆண்டீஸ் மலைப்பகுதியின் பூர்வகுடி மொழியான கெச்சுவா தந்த சொல்.