ஊட்டியில் 'அறை வெப்பநிலை' என்றால் எத்தனை டிகிரி?

ஜனவரியில் காலை எட்டரைக்கு எங்கள் ஆய்வகத்தைத் திறந்தால் சுவரில் மாட்டிய வெப்பமானி 11 காட்டும். எஸ்டிஎஸ் (புரதத்தைக் கரைத்துப் பிரிக்க உதவும் சோப்பு மாதிரியான பொருள்) கரைசல் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிப் படிந்திருக்கும். வீட்டில் தேங்காய் எண்ணெய்க்கும் அதே கதிதான். அதை அடுப்போரம் வைக்கிறோம், இதை வெந்நீரில் வைக்கிறோம். பாட்டிலின் லேபிளிலோ 'அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்று இருக்கிறது. யாருடைய அறை?

செய்முறை எழுதுகிறவர் மனத்தில் இருப்பது 25 டிகிரி. நீலகிரியில் வேதியியலோ உயிர்வேதியியலோ படிக்கும் பிள்ளைகள் அந்த வரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. நான் நம்பி ஒரு மாதத்தை இழந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சோதனைப் பொருள் பாக்டீரியோரோடாப்சின். ஒளி பட்டால் புரோட்டானைச் செல்லுக்குள்ளிருந்து வெளியே தள்ளும் புரதம், ஒரு குட்டி பம்பு. 1971-ல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கேனியஸும் இதை ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரின் ஊதாநிறச் சவ்வில் கண்டறிந்தார்கள். உப்பளப் பாத்தியில் நீர் சுண்டச் சுண்டச் சிவப்பேறுமே, அந்த நிறத்துக்கு இந்த வகை உயிர்களும் ஒரு காரணம். கொளுத்தும் வெயிலுக்குப் பழகியவை. அவற்றின் பம்பைத்தான் நாங்கள் மலைமேல் கொண்டுவந்து வைத்திருந்தோம்.

248 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி, சவ்வை ஏழு முறை ஊடுருவிச் சுருளாக நிற்கிறது. நடுவில் 216-ஆவது இடத்தில் ரெட்டினால் மாட்டியிருக்கிறது. நம் கண்ணின் விழித்திரை பயன்படுத்தும் அதே வைட்டமின் ஏ குடும்பத்துப் பொருள். எங்களிடம் இருந்தது இதில் சின்ன மாற்றம் செய்த வகை: உள்ளிருந்து புரோட்டானை எடுத்துக் கொடுக்கும் 96-ஆவது அமிலத்துக்குப் பதிலாக வேறொன்றை வைத்தது. அது இல்லாததால் புரோட்டான் வெளித் தண்ணீரிலிருந்து மெதுவாக வந்து சேர வேண்டும். கற்பித்தலுக்கு இது வசதி. ஊதாநிறக் கரைசலில் விளக்கை அடித்தால் மஞ்சளாகும், விளக்கை அணைத்தால் மெல்ல ஊதாவுக்குத் திரும்பும். பம்பின் ஒரு சுற்று முடிவதைக் கருவி இல்லாமல், கண்ணால் பார்த்து ஸ்டாப்வாட்சில் அளக்கலாம்.

அக்டோபரில் ஊதாவுக்குத் திரும்ப 20 வினாடி ஆனது. ஜனவரியில் அதே கரைசல், அதே விளக்கு, 45 வினாடி தாண்டியது. "மேடம், சாம்பிள் கெட்டுப்போச்சு போல" என்றார் மாணவி. நானும் தலையாட்டினேன். கோவையிலிருந்து புது சாம்பிள் வரவழைத்தோம். அதுவும் 45. பிறகு விளக்கைக் கிட்டே நகர்த்திப் பார்த்தோம், 30 ஆனது. 'சரியாகிவிட்டது' என்று குறிப்பேட்டில் எழுதினோம். அந்த வரியை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. கரைசலுக்குள் வெப்பமானியை நுழைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விளக்கின் சூடு அதை 17 டிகிரிக்கு ஏற்றியிருந்தது.

பம்பில் பழுது எதுவும் இல்லை. குளிர் அதை இரண்டு பக்கமிருந்து பிடித்திருந்தது.

முதலாவது, புரதமே விறைத்திருந்தது. ஒளி பட்டதும் ரெட்டினால் மடங்குவது ஒரு பைக்கோ வினாடிக்குள் (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) முடிந்துவிடும். அதற்கு வேண்டிய ஆற்றல் ஒளியிலேயே இருப்பதால் திரவ நைட்ரஜனில், -196 டிகிரியிலும் அது நடக்கும். ஆனால் பம்பு அங்கேயே நின்றுவிடும். அடுத்த நிலைக்குப் போக -100 வாக்கில் சூடு வேண்டும், புரோட்டான் இடம் மாறி மஞ்சளாக -40 வாக்கில் வேண்டும். அதன்பின் ஆறாவது சுருளின் உள்முனை வெளிப்பக்கமாகச் சாய்ந்து வழிவிட வேண்டும். அந்தச் சாய்வுக்குப் புரதம் இளகியிருக்க வேண்டும். உறைபனிக் காலையில் சட்டைப் பட்டன் போட்டிருக்கிறீர்களா? விரல் அதே விரல்தான், பட்டன்தான் சிக்காது.

(சவ்விலுள்ள கொழுப்பு உறைந்திருக்குமோ என்றும் ஒரு நாள் யோசித்தோம். இந்த உயிர்களின் கொழுப்புச் சங்கிலிகள் கிளைவிட்டவை, நெருங்கி அடுக்கிக்கொள்ளாது. தேங்காய் எண்ணெய் மாதிரிக் கட்டியாகாது.)

இரண்டாவது காரணம் எங்கள் கவனக்குறைவு. பிஎச்சை (அமில-காரத் தன்மையின் அளவை) நிலையாக வைக்கக் கலந்திருந்த டிரிஸ் என்ற பொருள், ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் பிஎச்சை ஏறக்குறைய 0.028 உயர்த்தும். அக்டோபரில் 18 டிகிரியில் 8.5-க்குச் சரிசெய்த பாட்டில், 11 டிகிரியில் 8.7. எண் சின்னதாகத் தெரியலாம். ஆனால் தண்ணீரிலுள்ள புரோட்டான் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். எங்கள் பம்போ அந்தப் புரோட்டானுக்காகவே காத்து நிற்கிற வகை.

இப்போது கரைசல் கண்ணாடிக் குழாயைச் சுற்றி 25 டிகிரி தண்ணீர் ஓடுகிறது. விளக்குக்கும் குழாய்க்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடித் தொட்டி, சூட்டை அது வாங்கிக்கொள்ளும். மொத்தச் செலவு மீன்தொட்டிக் கடையோடு முடிந்தது.

இதே ஏமாற்றம் கணினித் திரையிலும் காத்திருக்கிறது. புரதக் கட்டமைப்புப் படத்தை இறக்கி, சுழற்றிப் பார்த்து, 'இதுதான் அதன் வடிவம்' என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் வெப்பநிலை என்றொரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 100 கெல்வின், அதாவது -173 டிகிரி. புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரேயில் படமெடுக்கும்போது அது சிதையாமலிருக்கக் குளிர்விக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் சுமார் -70-க்குக் கீழே இந்தப் புரதத்தின் பெரிய அசைவுகள் அடங்கிவிடுகின்றன. பல பக்கச்சங்கிலிகளும் நீர் மூலக்கூறுகளும் உறையும்போது கிடைத்த இடத்தில் ஒடுங்கிக்கொள்கின்றன. 2016-ல் ஜப்பானின் சக்லா எக்ஸ்ரே லேசரில் பாக்டீரியோரோடாப்சினை உறைய வைக்காமல், ஒளி பட்ட பின் 13 வெவ்வேறு கணங்களில் படமெடுத்தார்கள். இரண்டு வகைப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்ல பயிற்சி.

சூட்டுப் பக்கம் இது கல்லுளிமங்கன். 70, 80 டிகிரி வாக்கில், சவ்வில் இந்தப் புரதங்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து அடுக்கியிருக்கும் வரிசைதான் கலையும், புரதம் முழுதாகக் குலைய கிட்டத்தட்ட 100 வரை போக வேண்டும். சென்ற வருடம் ஒருவர் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, "இன்னும் ஊதா போகவில்லையே" என்று குழாயைத் தூக்கிக் காட்டினார். 2,200 மீட்டருக்கு மேலே நம் ஊரில் தண்ணீர் 93-க்குள்ளேயே கொதித்துவிடுகிறது. நெடுநேரம் வைத்தால் குலையும், ஐந்து நிமிடம் போதாது. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுவதற்காகத்தான் அதைக் கொதிக்க வைத்திருந்தார். சவ்வுப் புரதத்தைக் கொதிக்க வைத்தால் திரண்டுபோய் ஜெல்லின் மேலேயே நிற்கும். எஸ்டிஎஸ்ஸில் கலந்து 37-ல் அரைமணி வையுங்கள். எஸ்டிஎஸ் கரைந்திருக்கிறதா என்று முதலில் பாட்டிலைப் பாருங்கள்.

எங்கள் பாட்டில்களில் இப்போது பிஎச்சோடு எந்த டிகிரியில் பார்த்தது என்பதும் எழுதியிருக்கும். சாம்பிள் அனுப்பிய கோவை நண்பருக்குப் பழைய அளவுகளையும் அனுப்பினோம், வெப்பநிலை என்ற கட்டத்தில் 11 என்று எழுதி. 21 என்பதைத் தவறாக அடித்துவிட்டீர்களா என்று கேட்டுப் பதில் வந்தது.