ஏனாமுக்குப் போகிற கடிதம்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் நெட்வொர்க் என்றாலே பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது, நெட்வொர்க்கின் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளைத்தான். தேர்வில் வரிசை பிசகாமல் எழுதியும் விடுவார்கள். "சரி, நீ அனுப்பின போட்டோ பாண்டியில் இருக்கிற உன் மாமா போனுக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "டவர் வழியா சார்" என்பதோடு பதில் நின்றுவிடும். கடலூரில் மேல்நிலை மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இப்போதெல்லாம் ஏழு அடுக்குகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பின்கோடில் ஆரம்பிக்கிறேன்.

கரும்பலகையில் நான்கு எண்கள் எழுதுவேன். 605001, 609602, 673310, 533464. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். நான்கும் ஒரே யூனியன் பிரதேசம், ஒரே சட்டசபை. ஆனால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. காரைக்காலின் 609 மயிலாடுதுறைக்கும் உண்டு. மாஹேயின் 673 கோழிக்கோட்டுக்கும், ஏனாமின் 533 காக்கிநாடாவுக்கும் உண்டு. வேறு மாநிலத்தைச் சேர்ந்த விழுப்புரமோ 605602 என்று புதுச்சேரியோடு சேர்ந்துகொள்கிறது.

ஏன் இப்படி என்று பிள்ளைகளையே யோசிக்க விடுவேன். ஐந்து நிமிடத்துக்குள் யாராவது பிடித்துவிடுவார்கள். ஊர் எந்த அரசாங்கத்தைச் சேர்ந்தது என்பது தபால் பிரிக்கிறவருக்குத் தேவையே இல்லை. கடிதத்தை எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும். கடலூரில் பிரிக்கிறவர் 5 என்ற முதல் இலக்கத்தைப் பார்த்ததும் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா பக்கம் என்று ஒதுக்கிவிடலாம். 533 பகுதியில் எந்தத் தபால் நிலையம் என்பதைச் சொல்லும் கடைசி மூன்று இலக்கங்களை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1972-இல் வந்த இந்த ஏற்பாட்டுக்குள் இணையத்தின் பாதிப் பாடம் இருக்கிறது.

இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியும் அப்படித்தான் வேலை செய்கிறது. பழைய, இன்றும் பெரும் புழக்கத்தில் இருக்கிற நான்காம் பதிப்பில் ஒரு முகவரி என்பது 32 பிட். அதை 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாக எழுதுகிறோம். மொத்தம் கிட்டத்தட்ட 430 கோடி முகவரிகள் வரும். வழியில் நின்று தகவலை அடுத்த பக்கம் கடத்திவிடும் கருவிக்கு ரூட்டர் என்று பெயர். அத்தனைக்கும் வழி எழுதி வைக்க எந்த ரூட்டராலும் முடியாது. அதனால் அது முகவரியின் முன்பகுதியை மட்டும் பார்க்கிறது. இந்த எண்களில் தொடங்கினால் இந்தக் கம்பி, அந்த எண்களில் தொடங்கினால் அந்தக் கம்பி. இணையத்தின் நடுவில் இருக்கும் பெரிய ரூட்டர்களின் அட்டவணையில்கூட இப்படிச் சுமார் 10 லட்சம் வரிகள்தான். 430 கோடி எங்கே, 10 லட்சம் எங்கே!

இந்த இடத்தில் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள்: "அப்போ முழு வழியும் யாருக்குத் தெரியும் சார்?" யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ரூட்டருக்கும் தெரிந்தது அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான். இதை வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது. விளையாடிப் பார்த்தால் ஏறும்.

நான்கு பேரைக் கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், புதுச்சேரி என்று நான்கு மூலைகளில் நிறுத்துவேன். நால்வர் கையிலும் அரைத் தாள். எந்த எண்ணில் தொடங்கினால் யாரிடம் தர வேண்டும் என்பது அதில் இருக்கும். ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் போய்ச்சேர வேண்டிய பின்கோடும் எழுதிக் கடலூரிடம் தருவோம். கிழிப்பதற்கும் காரணம் உண்டு. இணையத்திலும் தகவல் துண்டு துண்டாகத்தான் போகிறது; ஒரு துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர், அது பொதுவாக 1,500 பைட்டுக்கு மேல் போகாது. 'கடலூர்' என்ற சொல்லே 18 பைட் ஆகிறது. தமிழ் எழுத்தோ குறியோ ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். மூன்று எம்.பி. போட்டோ என்றால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள்.

முதலில் கடலூர்க்காரன் துண்டுகளை நேராகப் புதுச்சேரிக்குக் கொடுப்பான். அப்புறம் நான் கன்னியக்கோயில் பக்கம் சாலையில் மரம் விழுந்துவிட்டது என்பேன். தானே புயலைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், விளக்க வேண்டியதில்லை. கடலூர் தன் தாளைத் திருத்திக்கொண்டு பண்ருட்டியிடம் கொடுக்கும், பண்ருட்டி விழுப்புரத்திடம், விழுப்புரம் புதுச்சேரியிடம்.

ஒரு வருடம் இதைத் தாண்டி ஒன்று நடந்தது. நேர்ச்சாலையைத் திறந்துவிட்டு, அதைக் கடலூருக்குச் சொல்லாமல், விழுப்புரம்–புதுச்சேரி வழியை அடைத்தேன். விழுப்புரமாக நின்ற பையன் கெட்டிக்காரன். பண்ருட்டி, கடலூர் வழியாகப் போகலாமே என்று தன் தாளைத் திருத்தித் துண்டைப் பண்ருட்டியிடம் திருப்பிக் கொடுத்தான். பண்ருட்டியாக நின்ற பெண்ணின் தாளிலோ புதுச்சேரிக்கு விழுப்புரம் என்றே இருந்தது. அவள் அவனிடம் கொடுத்தாள். அவன் அவளிடம் கொடுத்தான். துண்டு இருவருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. வகுப்பே சிரிக்கிறது, ஆனால் இரண்டு பேரும் செய்தது தங்கள் தாளின்படி சரி!

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி எழுந்தாள். "சார், கை மாறும்போதெல்லாம் துண்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்க. பத்துக் கோடு வந்துட்டா கிழிச்சுப் போட்டுடலாம்."

அவள் சொன்னது ஒவ்வொரு ஐ.பி. பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் இருக்கிறது. டி.டி.எல். என்று அதற்குப் பெயர், 8 பிட் இடம். கோட்டைக் கூட்டுவதற்குப் பதில் குறைப்பார்கள். அனுப்புகிற கணினி 64 அல்லது 128 என்று போட்டு விடும், வழியில் ஒவ்வொரு ரூட்டரும் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யம் ஆனால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். உலகம் முழுக்கச் சுழன்றுகொண்டே இருக்கிற பாக்கெட்டுகள் கம்பிகளை அடைக்காமல் இருப்பது இந்தச் சின்ன எண்ணால்தான். புத்தகத்தைத் திறக்காமல் அவளாகவே அங்கே வந்து சேர்ந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பூரிப்பாக இருக்கிறது.

தூக்கிப் போட்டால் அந்தத் துண்டு தொலைந்ததுதானே? ஆமாம். நடுவில் இருக்கிற ரூட்டர் அதைத் திரும்ப அனுப்பாது. அதன் வேலை கடத்துவது மட்டும். வந்ததை எண்ணிப் பார்த்து "இதுவரை வந்துவிட்டது" என்று பதில் போடுவதும், பதில் வராத துண்டைத் திரும்ப அனுப்புவதும் இரண்டு முனைகளில் இருக்கிற கணினிகளின் பொறுப்பு. டி.சி.பி. என்ற விதிமுறை செய்வது இதைத்தான். விண்ட் செர்ஃப், பாப் கான் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர்கள் இருவரும் 1974-இல் இதற்கான கட்டுரையை வெளியிட்டார்கள். 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. போனில் பேசும்போது மட்டும் தொலைந்த துண்டை யாரும் திரும்பக் கேட்பதில்லை. அரை நொடி கழித்து வருகிற 'ம்'மை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விளையாட்டு முடிந்ததும் ஆய்வகத்துக்குப் போவோம். விண்டோஸில் ட்ரேசர்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது அந்த மாணவியின் கோட்டை வைத்தே வழியைத் துப்பறிகிறது. டி.டி.எல். 1 போட்டு ஒரு பாக்கெட் அனுப்பினால் முதல் ரூட்டரிலேயே அது செத்துவிடும். "இங்கே முடிந்துவிட்டது" என்று அந்த ரூட்டர் தன் முகவரியோடு தகவல் அனுப்பும். அடுத்து 2, அடுத்து 3. இப்படியே வழியில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் திரையில் தெரிவார்கள்.

பக்கத்தில் வரும் மில்லிநொடிகளையும் பார்க்கச் சொல்வேன். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. கடலூரிலிருந்து சென்னைக்குப் போய்வர 2 மில்லிநொடி போதும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிளில் சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டருக்கு மேல்; போய்வர 30 மில்லிநொடிக்குக் குறையாது. வரிசையில் நேரம் சட்டென்று முப்பது நாற்பது ஏறினால், "சார், இங்கே கடலைத் தாண்டிடுச்சு போல" என்று பிள்ளைகளே ஊகிக்கத் தொடங்குவார்கள். ரூட்டரில் நெரிசல் இருந்தாலும் நேரம் ஏறும். அதனால் மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

சில வரிகளில் எண் எதுவும் வராமல் மூன்று நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும். "இங்கே ரூட்டரே இல்லையா சார்?" என்றான் ஒருவன். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன் திரையில் அதற்குக் கீழ் வரியில் விரலை வைத்தான். "அடுத்த ஆள் பதில் சொல்லியிருக்கானே. அப்போ இவன் கொடுத்துத்தானே அவனுக்குப் போயிருக்கும்?"