மீட்டுவந்த கோழிக்கு முதல் தேவை மருந்தல்ல

கூண்டுப் பண்ணையிலிருந்தோ தெருவோரத்திலிருந்தோ காப்பாற்றிய கோழியோடு வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "டாக்டர், என்ன ஆன்டிபயாடிக் கொடுக்கணும்?" சூடு, தண்ணீர், பிறகு தீனி, அதற்குப் பிறகுதான் மருந்து என்பேன். இந்த வரிசையை மாற்றுவதால் பிழைக்க வேண்டிய கோழிகளும் சாகின்றன.

கோழி நோயை மறைக்கும். பலவீனம் வெளியே தெரிந்தால் இரையாகிவிடும் என்பதால், முடிந்தவரை கூட்டத்தோடு நின்று கொத்துவதுபோல் காட்டிக்கொள்ளும். இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடி மூலையில் நிற்கிறதென்றால் அந்த நோய் இன்றைக்கு வந்ததல்ல.

நலமான கோழியின் உடல்சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். பட்டினியாலும் இறகு உதிர்ந்ததாலும் நலிந்த உடலால் அதைக் காக்க முடியாது. காற்றோட்டமுள்ள பெட்டியில் துண்டு விரித்து, மங்கிய வெளிச்சத்தில், 27 முதல் 30 டிகிரிவரை இதமான சூட்டில் தனியாக வையுங்கள். சூடு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வேண்டியபோது அதுவே விலகிக்கொள்ளும். அலகைத் திறந்து மூச்சிரைத்தால் உடனே சூட்டைக் குறையுங்கள்.

தண்ணீரில்தான் அதிக உயிர்கள் போகின்றன. கோழியின் மூச்சுக்குழலின் திறப்பு நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருக்கிறது. சிரிஞ்சால் பீய்ச்சும் தண்ணீர் எளிதாக மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வெதுவெதுப்பான நீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்து, அது விழுங்கும்வரை காத்திருங்கள். தலையைத் தூக்கவே முடியாத கோழிக்கு வாய்வழி எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, கோழிக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சே உள்ளே போகும். பாசத்தில் இறுக்கி அணைத்தாலும் மூச்சுத் திணறிச் செத்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும்.

கழுத்தடியில் தீவனம் தங்கும் பையைக் காலையில், தீனி வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள். காலியாக இருக்க வேண்டும். கல்போல இறுகியோ, புளித்த வாடையோடு தண்ணீர்ப்பைபோல் தொளதொளவென்றோ இருந்தால் தீவனம் கீழே இறங்காமல் தேங்கியிருக்கிறது. அப்போது தீனி கொடுப்பது கேடு. எச்சம் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் அது சாப்பிடவில்லை, பித்தம் மட்டும் இறங்குகிறது. இடையிடையே வரும் பழுப்பான, பிசுபிசுத்த, நாற்றமான எச்சம் இயல்பானதுதான். அதைக் கழிச்சல் என்று பயந்து மருந்து ஊற்றுபவர்கள் ஏராளம்.

பண்ணை முட்டைக்கோழிகள் ஆண்டுக்குச் சுமார் 300 முட்டை இடும்படி வளர்த்தெடுக்கப்பட்டவை. ஒவ்வோர் ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. எலும்பு நொறுங்குவதும், முட்டைக்குழாய் கெடுவதும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் சிந்தி அழற்சியாவதும் இதன் விளைவுகள்தான். பென்குயின்போல நிமிர்ந்து நின்று, வால் தாழ்த்தி முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். வயிற்றை அழுத்தி வெளியேற்றப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

சிறகடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன், செள் (சிற்றுண்ணி) இருக்கிறதா என்று பாருங்கள். சில வகைச் சிற்றுண்ணிகள் பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் ரத்தம் குடிக்கும். கொண்டை வெளுத்திருந்தால் டார்ச்சோடு இரவில் தேடுங்கள்.

மனிதர்களுக்கான வலி மாத்திரையும், முன்பு வாங்கி வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கும் வேண்டவே வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டபின் ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி நலமாகத் தெரியும் கோழியிடமும் இருக்கும். கூட்டில் திடீரென ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். தேறுகிறதா என்பதை முகத்தைவிட எடை சரியாகச் சொல்லும். தேறியபின் நேரே மற்ற கோழிகளோடு விட்டால் அவை இதைக் கொத்தியே காயப்படுத்திவிடும். சில நாட்கள் வலைத் தடுப்புக்கு அப்பால் வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பிறகு, தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டு இடங்களில் வைத்துச் சேர்த்துவிடுங்கள்.