இறந்தவரின் நிலத்தை அரசர் விசாரித்த விதம்

இடைக்கால இங்கிலாந்தில் அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் கண்ணை மூடினால், வாரிசுக்கு முன்பே அந்த நிலத்தில் வந்து நிற்பவர் அரசரின் அதிகாரிதான். அவர் பதவியின் பெயர் எஸ்கீட்டர். சொத்தை அரசர் பெயரில் எடுத்துக்கொண்டு, இறந்தவரிடம் என்னென்ன இருந்தது, இனி அது யாருக்குச் சேரும் என்று ஊராரை வைத்து விசாரிப்பார். 1230களில் தொடங்கி ஏறக்குறைய 400 ஆண்டுகள் இது நடந்தது. அந்த விசாரணைகளை எழுதிவைத்த தோல் ஏடுகள் இன்றும் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அரசருக்கு இதில் என்ன அக்கறை? பணம்தான். சட்டப்படி நாட்டு நிலமெல்லாம் கடைசியில் அரசருடையது. போர்ச்சேவை போன்ற கடமைகளுக்கு ஈடாகத்தான் பிரபுக்கள் அதை அனுபவித்தார்கள். வாரிசு வயது வந்தவர் என்றால் ஒரு தொகையைக் கட்டி நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். பிரபுவின் வாரிசுக்கு 100 பவுண்டு என்று 1215இல் அரசரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட மாக்னா கார்ட்டா சாசனம் வரம்பு கட்டியது. வாரிசு சிறுவன் என்றால் நிலைமையே வேறு. 21 வயது வரை நிலத்தின் வருமானம் அரசருக்கு. அவனுக்கு யாரைக் கட்டிவைப்பது என்ற உரிமையும் அரசருக்கே. இந்த இரண்டையும் அரசர் விலைக்கு விற்கலாம், விற்றார். தகப்பனை இழந்த ஒரு குழந்தையின் கல்யாணம் சந்தைச் சரக்கானது என்பதைப் படிக்கும்போது இப்போதும் மனம் கசக்கிறது. வாரிசே இல்லையென்றால் நிலம் அரசருக்கே திரும்பிவிடும்.

ஆக, யார் இறந்தார், எப்போது, வாரிசுக்கு என்ன வயது என்ற மூன்று விவரங்களில் பெரும்பணம் தொங்கியது. அரசரின் ஆணைகளை எழுதி அனுப்பும் அலுவலகமான சான்சரியிலிருந்து ஆணை வந்ததும், நிலம் இருக்கும் ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டத்திலும்) தனித்தனியாக விசாரணை நடக்கும். அக்கம்பக்கத்து ஆண்கள் 12 பேரோ அதற்கு மேலோ ஜூரிகளாக உட்காருவார்கள். இவர்கள் இன்றைய ஜூரிகளைப் போல யாரோ சொல்லும் சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பு சொன்னவர்கள் அல்ல. விவரம் தெரிந்தவர்கள் என்பதால் அழைக்கப்பட்டவர்கள், இவர்களே சாட்சிகள். இவர்கள் சொன்னதை எழுத்தர் லத்தீனில் எழுத, இவர்களுடைய முத்திரைகள் அதில் வைக்கப்படும்.

பிறப்பு, இறப்புப் பதிவேடே இல்லாத காலம் அது. திருச்சபைகளில் பதிவேடு வைக்கச் சொல்லி உத்தரவு வந்ததே 1538இல்தான். அப்படியானால் வாரிசுக்கு 21 ஆகிவிட்டது என்று எப்படி நிரூபிப்பது? அதற்கென்று தனி விசாரணை இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து, அந்தக் குழந்தை பிறந்த நாள் தனக்கு ஏன் நினைவிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருவர், அதே நாளில் என் மகனுக்கும் ஞானஸ்நானம் நடந்தது என்பார். இன்னொருவர் அன்று குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்ததைச் சொல்வார். அப்புறம் ஒருவர், அந்த வாரம்தான் தகப்பனாரைப் புதைத்தேன் என்பார். இதே கதைகள் வெவ்வேறு ஊர்களிலும் அச்சு அசலாகத் திரும்ப வருவதால், சிலவற்றை எழுத்தர்களே வழக்கமான வாசகமாக நிரப்பியிருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். நியாயமான சந்தேகம்.

வாரிசு யார் என்பதே சிக்கலானால் நாடே ஆட்டம் கண்டது. 1314 ஜூன் 24 அன்று ஸ்காட்லாந்துக்காரர்களோடு நடந்த பானக்பர்ன் போரில் குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர் இறந்தார். ஆண்டுக்குச் சுமார் 6,000 பவுண்டு வருமானம் தரும் சொத்து, பிள்ளை இல்லை, உடன்பிறந்த சகோதரிகள் மூவர். மூத்த மகன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பெண்களுக்குப் பொருந்தாது, சமபங்குதான். ஆனால் அவருடைய மனைவி மாட், தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார். மாதங்கள் ஓடின, இரண்டு ஆண்டுகளும் கடந்தன, குழந்தை வரவில்லை, பிரிவினையும் நடக்கவில்லை. சகோதரி எலினரின் கணவர் ஹியூ டெஸ்பென்சர் பொறுமையிழந்து 1315இல் அந்தச் சொத்தைச் சேர்ந்த டன்பிரிட்ஜ் கோட்டையைக் கைப்பற்றியே பார்த்தார். 1317 நவம்பரில் ஒருவழியாகப் பங்கு பிரிந்தது. வேல்ஸிலுள்ள கிளாமோர்கனைப் பெற்ற டெஸ்பென்சர் மற்ற பங்குகள் மீதும் கைவைக்க, அது 1321இல் உள்நாட்டுச் சண்டையில் போய் முடிந்தது.

இந்த ஏடுகளை எவ்வளவு நம்பலாம்? இறந்த நாளையும் வாரிசின் பெயரையும் பெரும்பாலும் நம்பலாம். மதிப்பைக் குறைத்தே சொல்லியிருப்பார்கள். அண்டைவீட்டுக்காரரின் சுமையை யார்தான் கூட்டுவார்கள்? இருந்தாலும் வேறெங்கும் கிடைக்காத கிராமத்துச் சித்திரம் இவற்றில் இருக்கிறது. உழவு நிலம் ஏக்கருக்குச் சில பென்ஸ் என்றால், புல்வெளி அதைப் போலப் பல மடங்கு. குளிர்காலத்தில் உழவு மாடுகளைக் காப்பாற்றுவது அந்தப் புல்தானே! 1349க்குப் பிறகு வரும் ஏடுகளில் தொனியே மாறிவிடுகிறது. மாவு அரைக்கும் ஆலையால் வருமானம் இல்லை, ஏனென்றால் குடியானவர்கள் கொள்ளைநோயில் இறந்துவிட்டார்கள் என்ற மாதிரிக் குறிப்புகள் வருகின்றன.

பிரபுக்களும் சும்மா இருக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே நிலத்தை நம்பகமான நண்பர்கள் பெயரில் மாற்றி வைத்தார்கள். சாகும்போது கையில் நிலமே இல்லை, அரசருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. எட்டாம் ஹென்றி 1536இல் சட்டம் போட்டு இந்த வழியை அடைக்கப் பார்த்தார். கடைசியில் 1660இல் நாடாளுமன்றம் இந்தக் கடமைகளையே ஒழித்தது. அரசர் இழந்த வருமானத்துக்கு ஈடு வேண்டுமே? அதை நிலம் வைத்திருந்தவர்கள் தலையில் வைக்கவில்லை. பீர் முதலிய பானங்களின் மேல் வரி போட்டார்கள். ஒரு காணி நிலமும் இல்லாத கூலிக்காரரும் அதைக் கட்டினார்.