ராத்திபு ஓதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுது?

மனநல மருத்துவரிடம் வரும் முஸ்லிம் குடும்பங்கள் ஓதுவதைப் பற்றிப் பேசத் தயங்குவார்கள். டாக்டர் விடச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அதனால் நானே கேட்டுவிடுவேன்: "என்ன ஓதுறீங்க? எவ்வளவு நேரம் ஆகுது?" இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம்.

கல்லூரி மாணவன் ஒருவன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) உம்மாவோடு வந்தான். இறைப் புகழும் வேண்டுதலும் கொண்ட அரபு ஓதல் தொகுப்பான ஹத்தாது ராத்திபைத் தினமும் ஓதுகிறவன்.

"பள்ளிவாசல்ல எல்லாரோடயும் ஓதினா கால் மணி நேரம். வீட்ல இஷா தொழுகை நேரத்துல உட்கார்ந்தா ராத்திரி பன்னிரண்டு ஆயிடும் டாக்டர்."

"எந்த இடத்துல நிக்குது?"

'அஊது' ('பாதுகாவல் தேடுகிறேன்') என்ற சொல்லில். தொண்டைக்குள்ளிருந்து எழவேண்டிய 'ஐன்' என்ற அரபு எழுத்து சரியாக வரவில்லையென்றால் பாதுகாப்பு கிடைக்காது, வாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். மறுபடி சொல்வான். மறுபடியும் சந்தேகம். ஒரே சொல் நாற்பது, ஐம்பது தடவை. பள்ளியில் ஓதும் வேகத்தில் தப்பு வருகிறதென்று அங்கே போவதையும் நிறுத்திவிட்டான். உம்மாவோ ஆறு மாதமாக இதைப் பக்தி என்றே நினைத்திருக்கிறார்.

வஸ்வாஸ் (ஓயாத வீண் சந்தேகம்) என்று நம்மவர்கள் சொல்வதில் ஒரு பகுதி ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோய். திரும்பச் சொன்னதும் பயம் கொஞ்சம் தணியும். திரும்பச் சொன்னதால்தான் ஆபத்து விலகியது என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும். மறுநாள் இன்னும் கூடுதலாகக் கேட்கும். "வஸ்வாஸா? இன்னும் நிறைய ஓது" என்று நல்லெண்ணத்தில் சொல்லும் உறவினர்கள் எரிகிற அடுப்பில் விறகை வைக்கிறார்கள்.

ராத்திபைத் தொகுத்த இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாது (1634–1720) ஏமனின் தரீம் ஊரைச் சேர்ந்தவர்; சின்ன வயதிலேயே அம்மை கண்டு பார்வை இழந்தவர். ஹிஜ்ரி 1071இல் அவர் தொகுத்த இந்த ராத்திபு நீளமானதல்ல. பெரும்பாலான வரிகள் மும்மூன்று தடவைதான். அந்த 'அஊது' வரியும் மூன்றே. மூன்று முடிந்தால் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். எல்லோரும் ஓதிக் கலையும்படி அமைந்த ஓதல் அது.

இதை நான் சொன்னால் பையன் ஏற்கமாட்டான். எங்கள் பகுதி ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) அனுப்பினேன். ஒளுவில் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதில்) மூன்று தடவைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறல் என்று அபூதாவூது தொகுப்பில் வரும் ஹதீஸை (நபிமொழியை) எடுத்துச் சொல்லி, "தப்பு வந்தாலும் திரும்பாதே, பொறுப்பு என்னுது" என்று முடித்துவிட்டார். இதற்கு நான் ஐந்தாறு வாரம் செலவழித்திருப்பேன்.

மாத்திரையும் கொடுத்தேன். ஓசிடிக்கு அது வேலை செய்ய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் "கேட்கலை" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நாயகம் (ஸல்) அவர்கள்தானே? (ஓதிப் பார்க்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ரத்த அழுத்தம் ஏறும், இன்னொரு நாள்.)

கூடவே பயிற்சி. மூன்று தடவைதான். சரியாக வந்ததா என்று நெஞ்சு அடித்துக்கொண்டாலும் அடுத்த வரி. முதல் வாரம் உள்ளங்கை வியர்த்து, பாதியில் எழுந்துவிட்டான். மூன்றாவது வாரம் பள்ளிக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்தான்.

போன முறை வந்தபோது நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னான்: "நேத்து 'ஐன்' தப்பாத்தான் வந்துச்சு டாக்டர். அப்படியே விட்டுட்டேன்."