ஐந்தாம் படை: சொல் விளக்கம்

பகை நாட்டுக்காக உள்ளிருந்தபடியே மறைவாக வேலை செய்யும் கூட்டத்தை ஐந்தாம் படை என்கிறோம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1936-இல், நான்கு படைப்பிரிவுகள் மாட்ரிட் நகரை நெருங்க, நகருக்குள் ஒளிந்திருக்கும் ஆதரவாளர்களே ஐந்தாவது பிரிவு என்று, அரசை எதிர்த்துக் கிளர்ந்த பிராங்கோ தரப்புத் தளபதி எமிலியோ மோலா சொன்னதாக வழங்கும் கூற்றிலிருந்து இச்சொல் பிறந்தது. மூலச் சொல் (ஆங்கிலத்தில் column) குறிப்பது வரிசையாக நகரும் படைப்பிரிவை. தேர், யானை, குதிரை, காலாள் என நாற்படை எண்ணிப் பழகிய தமிழிலோ 'ஐந்தாம் படை' மூலத்தைவிடப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1940 மே 26 அன்று ஆற்றிய வானொலி உரையில் இச்சொல்லை எடுத்தாண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கி, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவதை எதிர்த்து, ஏறத்தாழ 8 லட்சம் உறுப்பினர்களைச் சேர்த்த 'அமெரிக்கா முதலில்' குழுவின் மீதும் இந்த முத்திரை விழுந்தது. முதல் உலகப் போரின் இழப்பை மறவாதவர்களும் அமைதிவாதிகளும் அக்குழுவில் ஏராளம்; அவர்கள் அனைவரையும் நாஜிகளின் ஆட்கள் என்றது அநியாயம். ஆனால் அதன் முதன்மைப் பேச்சாளரான விமானி லிண்ட்பெர்க், 1941 செப்டம்பர் 11 அன்று டி மொயின் நகரில், நாட்டைப் போருக்குத் தள்ளுவோர் பட்டியலில் யூதர்களையும் சேர்த்துப் பேசியபின் ஐயம் வலுத்தது.

ஐயத்துக்குச் சான்று கிடைத்தது அஞ்சல் உறைகளால்தான். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் உறையில் அஞ்சல்தலைக்குப் பதில் கையொப்பமே இருக்கும், கட்டணம் கிடையாது. ஜெர்மனியிடம் பணம் பெற்ற எழுத்தாளர் ஜார்ஜ் சில்வெஸ்டர் வீரெக் இச்சலுகையைப் பயன்படுத்தி, தாம் எழுதிக்கொடுத்தவை உட்படப் போரெதிர்ப்பு உரைகளைப் பெருமளவில் அனுப்பச் செய்தார். இதற்கு உதவிய, நாடாளுமன்ற உறுப்பினர் ஹாமில்டன் ஃபிஷின் அலுவலக எழுத்தர் ஜார்ஜ் ஹில் பொய்ச்சாட்சி சொன்னதற்காக 1942 ஜனவரியில் குற்றவாளி எனத் தீர்ப்பானார். அடுத்த மாதமே, 'அமெரிக்கா முதலில்' குழுவின் மேடைகளில் முழங்கிய பெண் விமானி லாரா இங்கல்ஸும் ஜெர்மனியின் முகவராகப் பதிவு செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடினால் வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த 'உட்பகை' இருக்கிறது. ஆயினும் அது மனத்துள் வைத்த பகையைச் சுட்டுவது, வெளிநாட்டுப் பகைவரின் ஏவலைச் சுட்டாது. 'கைக்கூலி' வீரெக்குக்குப் பொருந்தும், ஊதியமின்றி நம்பிக்கையால் உதவியவருக்குப் பொருந்தாது. இரண்டையும் அடக்கும் 'ஐந்தாம் படை'யே கொள்ளத்தக்கது. எதிரியோடு மறைவான தொடர்பு இல்லாத வெறும் போர் மறுப்பாளரை இச்சொல்லால் அழைப்பது வசையே தவிரப் பொருளன்று.