பழைய அம்பாசடருக்கு ரேடியல் டயர் மாட்டலாமா?

முகூர்த்த நாட்களில் மதுரைக்குள் பூ சுற்றிக்கொண்டு ஓடும் பழைய அம்பாசடர்கள் சிலவற்றின் டயர், காற்றுக் குறைந்த மாதிரி அடியில் பிதுங்கித் தெரியும். காற்றெல்லாம் சரியாகத்தான் இருக்கும். அது ரேடியல்.

இந்த வண்டிக்கு முன்பு வந்தது 5.90-15 அளவு (5.90 அங்குல அகலம், 15 அங்குல ரிம்) நைலான் டயர். அதனுள் நூல் அடுக்குகள் கயிற்றுக் கட்டில் பின்னல்போலக் குறுக்கும் மறுக்கும் சாய்வாக ஓடும். பக்கச் சுவருக்கும் தரையைத் தொடும் பட்டைக்கும் ஒரே பின்னல் என்பதால், ஒன்று நெளிந்தால் மற்றதும் நெளியும். அடுக்குகள் உரசிச் சூடாகும். சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலை என்றால் சொல்லவே வேண்டாம்.

மிச்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியலில், நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். பட்டைக்கு அடியில் தனியாக எஃகுக் கம்பி வார். அதனால் சுவர் தாராளமாக மடங்கும், பட்டை தட்டையாகத் தரையில் படியும். பிதுக்கத்தைப் பார்த்துப் பயந்து கண்டபடி காற்றை ஏற்றினால் நடுப்பட்டைதான் தேயும்.

அளவு விஷயம் எளிது. நைலான் டயரில் ரிம்மிலிருந்து தரை வரை உள்ள உயரம் ஏறக்குறைய அதன் அகலமேதான், சுமார் 150 மி.மீ. 165/80 ஆர்15 ரேடியல் போட்டால் அகலம் 165 மி.மீ., உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. வண்டி சற்றுத் தணியும், ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது ரிம். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் வளைவுகளில் ரேடியல் தரையை விடாமல் பிடிக்கும். நைலான் டயர் வழுக்கி விட்டுக்கொடுத்த இடத்தில், இப்போது அந்தப் பக்கவாட்டு விசை முழுக்க ரிம்முக்குப் போகிறது. பல வருடம் உழைத்த இரும்பு, போல்ட் துளைகளைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். பெயின்ட் அதை மறைத்துவிடும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டிப் பாருங்கள். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் அந்த ரிம் வேண்டாம். வெல்டிங் வைத்துச் சமாளிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று: டியூப்லெஸ் டயருக்கான ரிம்மின் உட்பக்கத்தில் சின்ன மேடு இருக்கும். காற்றுக் குறைந்தாலும் டயர் விளிம்பு நழுவாமல் அது தடுக்கும். பழைய ரிம்மில் அந்த மேடு கிடையாது. எனவே ட்யூப் போட்டே ஆக வேண்டும், அதுவும் ரேடியலுக்கென்று வரும் ட்யூப்.

கையில் காசு இரண்டு டயருக்குத்தான் என்றால் ரேடியலைப் பின்னால் மாட்டுங்கள். முன்னால் மாட்டினால் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கி வண்டி சுற்றிவிடும். அப்புறம் ஸ்டெப்னி. நான்கையும் மாற்றியவர்கள்கூட டிக்கியில் பழைய நைலானையே விட்டுவைக்கிறார்கள். முன் சக்கரம் பஞ்சராகி அதை மாட்டினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாகத்தான் போக வேண்டும்.